இலக்கணம் சரியாக இருந்தும் பத்தி ஏன் ஒட்டவில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உணவுத் தொழில்நுட்பத்தில் முதுகலை படிக்கிறீர்கள். ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேட்டின் ஓரத்தில் உங்கள் வழிகாட்டி மூன்று இடங்களில் ‘ஃப்ளோ இல்லை’ என்றும், ஓரிடத்தில் ‘கோஹீரன்ஸ் போதாது’ என்றும் எழுதியிருக்கிறார். இலக்கணம் பார்க்கும் மென்பொருளில் போட்டால் ஒரு பிழையும் காட்டவில்லை. ‘ஹவெவர்’, ‘மோர்ஓவர்’, ‘தேர்ஃபோர்’ எல்லாம் சேர்த்துப் பார்த்தீர்கள். அதற்கும் அவர் சமாதானம் ஆகவில்லை. எங்கே தவறு, எப்படிச் சரிசெய்வது, முதலில் தமிழில் எழுதிப் பிறகு மொழிபெயர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயிர் உறைவது பற்றி எழுதிய ஒரு பத்தியையும் அனுப்பியிருக்கிறீர்கள்.

பதில் அந்தப் பத்திக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய வரிசையை மாற்றாமல் தமிழில் தருகிறேன்:

“லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலில் உள்ள லாக்டோஸை நொதிக்கச் செய்கின்றன. மேலும், பாலின் முக்கியப் புரதமான காஸீன் ஏறத்தாழ 4.6 பி.எச். அளவில் திரள்கிறது. நொதித்தலால் லாக்டிக் அமிலம் உண்டாகிறது, எனவே பி.எச். குறைகிறது. ஆயினும், ஒரு வலைப்பின்னல் நீரைப் பிடித்து வைக்கிறது.”

தகவலில் பிழை எதுவும் இல்லை (லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை; பி.எச். குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). ஆனால் விஷயம் தெரியாத ஒருவராக இதை ஒரு முறை படித்துப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் லாக்டோஸ் வந்தது. அது என்ன ஆகிறது என்று வாசகர் அடுத்த வரிக்குப் போகிறார். அங்கே காஸீன் நிற்கிறது. அது யார், ஏன் வந்தது என்று புரிவதற்குள் 4.6 என்று ஓர் எண். சரி, அதையும் மனத்தில் வைத்துக்கொள்கிறார். மூன்றாவது வரி மறுபடி நொதித்தலுக்குத் திரும்புகிறது. நான்காவதில் ஒரு வலை வருகிறது. எதன் வலை, யார் பின்னியது? இத்தனைக்கும் மேலே ‘மோர்ஓவர்’ (மேலும்) என்ற சொல், ‘முன்பு சொன்னதற்கு வலுச் சேர்க்க இன்னொன்று சொல்லப்போகிறேன்’ என்று வாக்குக் கொடுக்கிறது. ‘ஹவெவர்’ (ஆயினும்) என்ற சொல், ‘நீங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக ஒன்று வருகிறது’ என்கிறது. இரண்டு வாக்கும் காப்பாற்றப்படவில்லை. அந்தச் சொற்கள் இல்லாமல் இருந்திருந்தால்கூட வாசகர் இவ்வளவு தடுமாறியிருக்க மாட்டார்.

இப்போது அதே தகவலை இப்படி வைத்துப் பாருங்கள்:

“பாக்டீரியாக்கள் பாலில் உள்ள லாக்டோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. இந்த அமிலம் பாலின் பி.எச். அளவைக் குறைக்கிறது. பி.எச். ஏறத்தாழ 4.6-க்கு இறங்கும்போது, பாலின் முக்கியப் புரதமான காஸீன் திரள்கிறது. திரண்ட காஸீன் ஒரு வலையாகப் பின்னிக்கொள்கிறது. அந்த வலைதான் நீரைப் பிடித்து வைக்கிறது.”

ஆங்கிலத்தில் இந்த வாக்கியங்களின் தலைப்பகுதி முறையே இப்படி வரும்: ‘பாக்டீரியா’, ‘திஸ் ஆசிட்’, ‘வென் த பி.எச். ஃபால்ஸ்’, ‘த கோயாகுலேட்டட் காஸீன்’, ‘தட் நெட்வொர்க்’. ‘மோர்ஓவர்’, ‘ஹவெவர்’ போன்ற தொடுப்புச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பத்தி ஓடுகிறது. காரணம், ஒவ்வொரு வாக்கியமும் வாசகர் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் ஒன்றைத் தொட்டுத் தொடங்கி, புதிய ஒன்றைக் கொடுத்து முடிகிறது. அந்தப் புதியது அடுத்த வாக்கியத்தின் பழையது ஆகிவிடுகிறது.

இது நமக்கு அந்நியமான உத்தி இல்லை. அந்தாதி என்று இதைப் பல நூற்றாண்டுகளாக வைத்திருக்கிறோம். அபிராமி அந்தாதியில் முதல் பாட்டு ‘விழுத்துணையே’ என்று முடியும், இரண்டாவது ‘துணையும்’ என்று தொடங்கும். ஒரு பாட்டின் அந்தம் அடுத்த பாட்டின் ஆதி. மனப்பாடம் செய்கிறவருக்கு அடுத்த அடி தானாக நாக்கில் வருவது இதனால்தான். உரைநடையை ஆராய்ந்த மேலைநாட்டவர்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிராக் நகரத்து மொழியியலாளர்கள் ஒரு வாக்கியத்தை ‘எதைப் பற்றி’, ‘அதைப் பற்றி என்ன’ என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தை உருவாக்கினார்கள். அவர்களில் ஒருவரான ஃப்ரான்டிஷெக் டானெஷ் 1974-இல், ஒரு வாக்கியத்தின் புதுச்செய்தி அடுத்த வாக்கியத்தின் தொடக்கமாவதை ஒரு தனி அமைப்பாகவே வகைப்படுத்தினார். அவர் சொன்ன இன்னோர் அமைப்பு, எல்லா வாக்கியங்களும் ஒரே பொருளில் தொடங்குவது. ஒன்றிலிருந்து ஒன்று நிகழ்வதை விளக்கும்போது அந்தாதி பொருந்தும், தயிர் உறைவதைப் போல. ஒரு பொருளை, ஓர் ஊரை, ஓர் ஆளை விவரிக்கும்போது ஒரே தொடக்கம் பொருந்தும். உங்கள் ஆய்வேட்டில் கருவியை விவரிக்கும் பகுதிக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

இவ்வளவும் கோஹீஷன் பற்றி. உங்கள் வழிகாட்டி எழுதியது கோஹீரன்ஸ். ஒட்டிக்கொள்வதைக் குறிக்கும் ஒரே லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொற்கள் என்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். கோஹீஷனைப் பிணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற கட்டு. கோஹீரன்ஸை இசைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்: எல்லாம் சேர்ந்து ஒரே விஷயத்தைச் சொல்கிறது என்று வாசகர் மனத்தில் தோன்றுவது. ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம்.

பிணைப்பு மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: “எங்கள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. பூனைக்குப் பால் பிடிக்கும். பால் விலை போன மாதம் ஏறியது. போன மாதம்தான் என் தம்பி சென்னைக்கு மாறினான். சென்னையில் மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கிறது.” அந்தாதி கச்சிதம், ஆனால் எங்கும் போய்ச் சேரவில்லை. அபிராமி அந்தாதி இப்படிச் சிதறாமல் நிற்பதற்குக் காரணம் அதன் நூறு பாட்டும் அபிராமியையே சுற்றி வருவதுதான். நூறாவது பாட்டின் கடைசிச் சொல் முதல் பாட்டின் முதல் சொல்லோடு போய்ச் சேர்கிறது.

இனி இசைவு மட்டும் இருக்கும் பேச்சைப் பாருங்கள். கூடத்திலிருந்து அடுக்களைக்கு ஒரு குரல், “பால் பொங்குது.” பதில், “கையெல்லாம் மாவு.” “சரி, நானே வரேன்.” மூன்றுக்கும் நடுவே பொதுவான சொல் ஒன்றும் கிடையாது, இணைக்கும் சொல்லும் கிடையாது. ஆனால் யாருக்கும் புரியாமல் போகாது, ஏனென்றால் அடுக்களையில் என்ன நடக்கும் என்று கேட்பவருக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் இசைவின் பாதி. 1972-இல் ஜான் பிரான்ஸ்ஃபோர்ட், மார்சியா ஜான்சன் என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய சோதனை ஒன்று உண்டு. துணி துவைப்பது பற்றிய ஒரு பத்தியை, துணி என்ற சொல்லே வராமல் எழுதிப் படித்துக் காட்டினார்கள். தலைப்பு தெரியாமல் கேட்டவர்களுக்கு அது புரியவில்லை, நினைவிலும் சரியாக நிற்கவில்லை. முன்பே தலைப்பு சொல்லப்பட்டவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. கேட்டு முடித்த பிறகு தலைப்பைச் சொன்னபோது பெரிதாகப் பயன் இருக்கவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: பத்தி எதைப் பற்றியது என்பதை வாசகர் உள்ளே வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உங்கள் தயிர்ப் பத்தியின் தலையில், ‘பால் தயிராவது அமிலத்தால்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், பின்னால் வருகிற ஒவ்வொரு தகவலுக்கும் உட்கார ஓர் இடம் கிடைத்துவிடும். அந்த வரி இல்லாததைத்தான் உங்கள் வழிகாட்டி ‘கோஹீரன்ஸ் போதாது’ என்று எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இணைப்புச் சொற்களுக்கு வருகிறேன், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான். ஆங்கிலத்தில் பிணைப்பு பற்றி 1976-இல் எம்.ஏ.கே. ஹாலிடேவும் ருக்கையா ஹசனும் எழுதிய நூல் அதை ஐந்து வகையாகப் பிரித்தது: ‘ஹி’, ‘திஸ்’ போன்ற சுட்டு; ஒரு சொல்லுக்குப் பதிலாக இன்னொன்றை வைப்பது; சொல்லாமல் விடுவது; இணைப்புச் சொற்கள்; சொல்லைத் திரும்பச் சொல்வதும் தொடர்புடைய சொற்களைப் பயன்படுத்துவதும். பள்ளியிலும் பயிற்சி வகுப்பிலும் நமக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தது இந்த ஐந்தில் ஒன்றை மட்டும். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் நான்கு அளவுகோல்களில் ஒன்று இசைவும் பிணைப்பும், மதிப்பெண்ணில் கால் பங்கு. அதனால் பயிற்சி வகுப்புகளில் ‘ஃபர்தர்மோர்’, ‘இன் அடிஷன்’ என்று வாக்கியத்துக்கு ஒன்று வைக்கச் சொல்கிறார்கள். அந்தத் தேர்வின் மதிப்பீட்டு விளக்கத்தையே படித்தால் நேர் எதிராக இருக்கிறது: பிணைப்பு வாசகரின் கண்ணில் அநேகமாகப் படாத அளவுக்கு இயல்பாக இருப்பதைத்தான் அது உச்ச மதிப்பெண்ணுக்குச் சொல்கிறது. இயந்திரத்தனமாக இணைப்பது அதற்கு மிகவும் கீழே, ஒன்பது மதிப்பெண் பட்டைகளில் (‘பேண்ட்’) ஆறாவதில் வருகிறது.

நானும் இதே தவறைப் பல வருடங்கள் செய்தேன். தமிழ்க் கட்டுரையில் பத்திக்குப் பத்தி ‘மேலும்’ போட்டுப் பழகிய கை அது. ஆங்கிலத்திலும் அதே கை ‘மோர்ஓவர்’ போட்டது. இப்போது மற்றவர்களின் ஆய்வுக் கட்டுரைகளைத் திருத்தும்போது நான் முதலில் செய்வது, எல்லா இணைப்புச் சொற்களையும் எடுத்துவிட்டுப் படிப்பது. உறவு தானாகத் தெரிந்தால் சொல் வேண்டாம். எடுத்ததும் வாசகர் தவறான பக்கம் போவார் என்றால் மட்டும் திரும்ப வைக்கிறேன். முரணைக் காட்டும் ‘பட்’, ‘ஹவெவர்’ போன்றவை பெரும்பாலும் திரும்பி வருகின்றன, ஏனென்றால் வாசகர் முரணை எதிர்பார்ப்பதில்லை. ‘மோர்ஓவர்’ அபூர்வமாகவே திரும்புகிறது.

அடுத்தது, தமிழில் சிந்திக்கிற நமக்கென்றே உள்ள சில இடறல்கள். இதை எந்த ஆங்கிலப் புத்தகமும் நமக்காக எழுதாது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தமிழில் ஒரு பெயர்ச்சொல்லை வாக்கியத்தில் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், வேற்றுமை உருபு அதன் வேலையைச் சொல்லிவிடும். ‘அந்த வலையைக் கரண்டி அறுத்துவிடும்’ என்று செயப்படுபொருளை முன்னால் கொண்டுவரலாம். ‘ஐ’ இருப்பதால் யாரும் வலைதான் கரண்டியை அறுத்தது என்று நினைக்க மாட்டார்கள். ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. அங்கே இடம்தான் உருபு. ஆகவே முந்தைய வாக்கியம் வலையில் முடிந்து, அடுத்ததையும் வலையில் தொடங்க வேண்டும் என்றால், செயப்பாட்டு வினை ஒன்றுதான் எளிய வழி: ‘திஸ் நெட்வொர்க் இஸ் ப்ரோக்கன் பை ஸ்டிரிங்’. கலக்கினால் தயிர் நீர் விட்டுவிடுவது ஏன் என்று விளக்கும் இடத்தில் இந்த வாக்கியம் மிகச் சரியானது. ‘பேசிவ் வாய்ஸ் கூடாது’ என்று யாரோ சொன்னதற்காக அதைச் செய்வினையாக்கினால், வாக்கியம் ‘ஸ்டிரிங்’ என்று புதிதாக ஒன்றில் தொடங்கி, கட்டு அறுந்துவிடும். செயப்பாட்டு வினையைக் கூடாது என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. பழையதை முன்னால் கொண்டுவருவதற்காக ஆங்கிலம் வைத்திருக்கும் கருவி அது.

இரண்டாவது, நீளமான தலை. தமிழில் வினை கடைசியில் வரும், அடைகள் எல்லாம் பெயருக்கு முன்னால் வரிசை கட்டும். ‘மூன்று வெவ்வேறு வெப்பநிலைகளில் எட்டு மணி நேரம் வைக்கப்பட்ட மாதிரிகளின் அமிலத்தன்மை உயர்ந்தது’ என்றால் நாம் பொறுமையாகக் காத்திருப்போம், பழக்கம். ஆங்கில வாசகர் எழுவாயைக் கண்டதும் வினையைத் தேடத் தொடங்கிவிடுவார். பதினைந்து சொல் தாண்டியும் வினை வராவிட்டால் தொடக்கத்தையே மறந்துவிடுவார். தெரிந்தது, சின்னது முன்னால். தெரியாதது, நீளமானது பின்னால். ‘அசிடிட்டி ரோஸ்’ என்று முதலில் சொல்லிவிட்டு, எந்த மாதிரிகளில் என்பதைப் பின்னால் தள்ளுங்கள்.

மூன்றாவது, சுட்டுப்பெயர். ரவி முருகனிடம் ‘தான் தோற்றுவிட்டதாகச் சொன்னான்’ என்றால் தோற்றவன் ரவி. ‘அவன் தோற்றுவிட்டதாக’ என்றால் அநேகமாக ரவி இல்லை. ‘தான்’ என்ற ஒரு சொல் நமக்கு அந்தத் தெளிவைத் தருகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஹி’ மட்டுமே. நம் வினைமுற்றிலேயே ஆண், பெண், அஃறிணை எல்லாம் தெரிந்துவிடும், எழுவாயைச் சொல்லாமலே விடலாம். ஆங்கில வினை இதில் எதையும் சொல்லாது. ஆகவே தமிழில் ‘இது’ என்று எழுதிப் பழகிய இடத்தில் ஆங்கிலத்தில் வெறும் ‘திஸ்’ போட்டால், அது முந்தைய வாக்கியத்தில் எதைச் சுட்டுகிறது என்று வாசகர் தேடுவார். ‘திஸ்’ எழுதியதும் பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல் வையுங்கள்: ‘திஸ் ஆசிட்’, ‘திஸ் டிராப்’, ‘திஸ் டிலே’. எந்தப் பெயர்ச்சொல் வைப்பது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால், முந்தைய வாக்கியம் என்ன சொன்னது என்பது உங்களுக்கும் தெளிவாகவில்லை. பல பத்திகளை நான் இந்த ஒரு சொல்லைப் பிடித்தே திருத்தியிருக்கிறேன்.

ஒரே சொல்லைத் திரும்ப எழுதக்கூடாது என்ற பாடத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்கள் இரண்டாம் இயலில் சுவை பார்த்தவர்களை ஓரிடத்தில் ‘பேனலிஸ்ட்ஸ்’, அடுத்து ‘ஜட்ஜஸ்’, பிறகு ‘பார்ட்டிசிபன்ட்ஸ்’, கடைசியில் ‘கன்ஸ்யூமர்ஸ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு குழுவா, ஒரே குழுவா? அலுப்புத் தட்டக்கூடாது என்று நல்லெண்ணத்தில் செய்தது தெரிகிறது. ஆனால் அறிவியல் எழுத்தில் சொல் மாறினால் பொருளும் மாறியது என்று எடுத்துக்கொள்வார்கள். நம் அணியிலக்கணத்தில் ஒரே சொல் ஒரே பொருளில் திரும்பத் திரும்ப வருவதற்குச் சொற்பொருள் பின்வருநிலையணி என்று பெயரே உண்டு. பொய்யாமையைச் சொல்லும் குறளில் இரண்டடிக்குள் ‘விளக்கு’ நான்கு முறை வருகிறது, யாரும் அதை வறுமை என்று சொன்னதில்லை. ‘பேனலிஸ்ட்ஸ்’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து முழு ஆய்வேட்டிலும் அதையே எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாராவது உங்களிடம் சொல்லி மனத்தைக் கெடுக்கலாம். 1966-இல் ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்க மொழியியலாளர், ஆங்கிலத்தில் எழுதுகிறவரின் பத்தி நேர்கோட்டில் போகும், கீழை நாட்டவருடையது சுற்றிச் சுற்றி வரும் என்ற பொருளில் படம் போட்டுக் காட்டினார். அது மிகவும் பிரபலமாகி, பிறகு கடுமையான விமர்சனத்துக்கும் ஆளானது. தமிழ் மனம் சுற்றி வளைத்துத்தான் யோசிக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. நாம் தடுமாறுவது இரண்டு மொழிகளும் பழையதையும் புதியதையும் குறிக்க வெவ்வேறு கருவிகளை வைத்திருப்பதால். கருவியைக் கற்றுக்கொண்டால் தீர்ந்துவிடும்.

செய்முறைக்கு வருகிறேன். ஒரு பத்தியை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் ஐந்தாறு சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். கோடிட்டதை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். ஒன்று, அவை ஒரே பொருளைச் சுற்றி இருக்க வேண்டும். அல்லது ஒவ்வொன்றும் முந்தைய வரியின் முடிவைத் தொட வேண்டும். இரண்டும் இல்லாத வரியில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். வாசகர் நின்றுபோகும் இடம் அது. உங்கள் தயிர்ப் பத்தியில் முதல் வரியைத் தவிர மற்ற மூன்றிலும் புள்ளி விழும். ஒரு பத்திக்குப் பத்து நிமிடம் ஆகும். அப்புறம் ஓரத்தில், அந்தப் பத்தி சொல்வதை ஒரே வரியில் எழுதுங்கள். ‘பாக்டீரியாவும் காஸீனும் பற்றி’ என்று எழுதினால் செல்லாது. அது தலைப்பு, கூற்று இல்லை. ‘பால் தயிராவது அமிலத்தால்’ என்பதுபோல வினையோடு இருக்க வேண்டும். எழுத முடியவில்லை என்றால் ஒரு பத்திக்குள் இரண்டு பத்தி இருக்கிறது, பிரியுங்கள். இயல் முழுக்க இப்படி எழுதி, ஓரத்து வரிகளை மட்டும் தொடர்ந்து படித்தால் முழு இயலின் ஓட்டமும் தெரிந்துவிடும். எந்தப் பத்தி இடம் மாற வேண்டும் என்பதையும் அதுவே காட்டும்.

கடைசியாக, தமிழில் எழுதி மொழிபெயர்க்கலாமா என்ற கேள்வி. அந்த ஓரத்து வரிகளைத் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். என்ன சொல்ல வருகிறோம் என்பதைத் தாய்மொழியில் யோசிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பத்திகளின் வரிசையையும் தமிழிலேயே முடிவு செய்யுங்கள். ஆனால் வாக்கியத்தைத் தமிழில் முழுதாக எழுதி, அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். தமிழ் வாக்கியத்தில் புதியது நிற்கும் இடம் வேறு, ஆங்கிலத்தில் அது நிற்கும் இடம் வேறு. வரிசை கையில் இருக்கட்டும், வாக்கியத்தை நேராக ஆங்கிலத்தில் தொடங்குங்கள். முதல் சொல்லை எழுதும் முன்பு முந்தைய வாக்கியத்தின் கடைசிச் சொல்லை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் இயலைத் திருத்தியதும் அனுப்புங்கள், அடிக்கோட்டோடு அனுப்பினால் இன்னும் நல்லது.